வடசென்னை மீன்பிடித் தொழிற்சொல் ஆய்வும் ஆசிரியர் விடுப்பு நெறிமுறைகளும்

முன்னுரை

இராயபுரம் காசிமேடு முதல் எண்ணூர் முகத்துவாரம் வரை வழங்கும் மீன்பிடித் தொழிற்சொற்கள் கள ஆய்வின்வழியே திரட்டத்தக்கவை. அதற்குரிய காலமும் நிதியும் கல்லூரி ஆசிரியர்க்கு எவ்வாறு அமைகின்றன என்பதை இக்கட்டுரை ஆராய்கின்றது.

காலப் பொருத்தமின்மை

ஆசிரியர்க்குத் தொடர்ச்சியாகக் கிடைக்கும் காலம் கோடை விடுமுறையே. கிழக்குக் கடற்கரையில் மீன்பிடித் தடைக்காலமோ ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள்கள். அக்காலத்தில் நாட்டுப்படகுகள் கடலுக்குச் செல்லினும் விசைப்படகுகள் கரையிலேயே நிற்கின்றன. எனவே விடுமுறையில் காசிமேடு செல்லும் ஆய்வாளர் படகுப் பழுதுபார்ப்பு, வலை சீரமைப்பு சார்ந்த சொற்களைப் பெறுவர். விசைப்படகு மீன் ஏலத்தின் சொற்களையும் வடகிழக்குப் பருவக்காற்றுக் காலச் சொற்களையும் இழப்பர். அவ்வாறு தொகுக்கப்படும் அகராதி ஒரு பருவத்தின் அகராதியாகவே எஞ்சும்.

விதிகள் தரும் வாய்ப்பு

பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகளின்படி, உதவிப் பேராசிரியர் 3 ஆண்டுத் தொடர்பணிக்குப்பின் ஊதியத்துடன் கூடிய படிப்பு விடுப்புக் கோரலாம். அது முதலில் 2 ஆண்டுகளுக்கு வழங்கப்பெற்று, மேலும் ஓராண்டு நீட்டிக்கப்படலாம். இணைப் பேராசிரியராகவோ பேராசிரியராகவோ 7 ஆண்டுகள் பணியாற்றியோர்க்கு ஆய்வு விடுப்பு உண்டு. அது ஒருமுறைக்கு ஓராண்டு, பணிக்காலம் முழுமைக்கும் ஈராண்டு என்னும் வரம்புடையது. ஓராண்டு விடுப்பு எல்லாப் பருவங்களையும் தன்னுள் அடக்கும். எனினும் ஆய்வு விடுப்பு நிரந்தர முழுநேர ஆசிரியர்க்கே உரியது. கௌரவ விரிவுரையாளர்க்கு இவ்வழி இல்லை.

முடிவுரை

கடற்கரைக்கு அருகே வாழ்ந்து கற்பிப்போர் எந்நிலையினராயினும் களத்திற்கு உரியவரே. பல்கலைக்கழகங்கள் தம் அகநிதியிலிருந்து சிறு கள ஆய்வுத்தொகையும், ஒரு பருவத்திற்கேனும் பாடவேளைக் குறைப்பும் அவர்க்கு வழங்குதல் வேண்டும். முதியோர் நாவில் வாழும் சொற்கள் விடுப்பு ஆணைக்காகக் காத்திருப்பதில்லை.