53 வயதில் வேலை தேடுவது வெட்கமா?

தொழிலும் மனமும் – வாசகர் கேள்வி-பதில்

கேள்வி:



எனக்கு வயது 53. கம்பளையில் ஒரு மொத்த விற்பனை நிறுவனத்தின் களஞ்சியத்தில் உதவியாளனாகச் சேர்ந்து, பின்னர் பொறுப்பாளராகி, மொத்தம் 24 வருடம் வேலை செய்தேன். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தபோது மகாவலி ஆறு பெருக்கெடுத்து நகருக்குள் புகுந்தது. எங்கள் களஞ்சியமும் போயிற்று. சேற்றை அள்ளிக் கழுவி முடித்த பிறகு, இந்தக் கிளையை இனி நடத்த முடியாது என்று முதலாளி சொல்லிவிட்டார். முப்பது பேர்வரை வேலை செய்த இடம் அது. "சொந்த விருப்பத்தில் விலகுகிறேன்" என்று எல்லோரிடமும் கடிதம் கேட்டார்கள். நான் இன்னும் கொடுக்கவில்லை. வேலையும் சம்பளமும் நின்று நான்கு மாதமாகிறது.

பத்திரிகையில் வருகிற விளம்பரங்களில் பெரும்பாலானவை "35 வயதுக்குட்பட்டவர்" என்றே கேட்கின்றன. கண்டியில் ஒரு நேர்முகப் பரீட்சைக்குப் போனேன். என் மகனைவிடச் சில வயதே மூத்த ஒருவர் என் சுயவிபரக் கோவையைப் புரட்டிவிட்டு, "அங்கிள், எக்ஸெல் தெரியுமா? இந்தச் சம்பளத்துக்கு வருவீங்களா?" என்று கேட்டார். தெரியும், வருவேன் என்றேன். "அறிவிக்கிறோம்" என்றார்கள். இன்றுவரை ஒன்றுமில்லை. மற்ற இடங்களிலிருந்து அந்தப் பதில்கூட வரவில்லை.

வேலை போனது மனைவிக்கு மட்டும் தெரியும். பிள்ளைகளுக்கும் அயலவர்களுக்கும் சொல்லவில்லை. காலையில் வழக்கம்போலப் பையை மாட்டிக்கொண்டு கிளம்பி, பேராதனையிலோ கண்டியிலோ பொழுதைக் கழித்துவிட்டு மாலையில் வீடு திரும்புகிறேன். இரவில் தூக்கம் வருவதில்லை. எடுத்ததற்கெல்லாம் கோபம் வருகிறது. மகள் பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள், மகன் உயர்தரப் பரீட்சைக்குத் தயாராகிறான்.

என்னிடம் வேலை பழகிய ஒருவர் இப்போது நாவலப்பிட்டியில் முகாமையாளராக இருக்கிறார். "வாங்கண்ணே, நம்ம ஸ்டோர்ல இடம் இருக்கு" என்கிறார். அவருக்குக் கீழே போய் நிற்பதா என்று மனம் கூசுகிறது. 55 ஆனதும் சேமலாப நிதியை எடுத்துக்கொண்டு வீட்டோடு இருந்துவிடலாமா என்றும் யோசிக்கிறேன். நான் என்ன செய்ய வேண்டும்?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகர், கம்பளை

பதில்:

அன்புள்ள சகோதரருக்கு,

அவசரமான விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். அந்த விலகல் கடிதத்தைக் கொடுக்காதீர்கள். 15 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனம், ஒழுக்காற்றுக் காரணம் இல்லாமல் ஓர் ஊழியரை நிறுத்துவதானால், ஒன்றில் அந்த ஊழியரின் எழுத்துமூலமான சம்மதம் வேண்டும், இல்லையேல் தொழில் ஆணையாளர் நாயகத்தின் அனுமதி வேண்டும். இலங்கையின் 1971ஆம் ஆண்டு 45ஆம் இலக்க வேலை முடிவுறுத்தல் சட்டம் இப்படித்தான் சொல்கிறது. கிளையை மூடுவதற்கும் இது பொருந்தும். "சொந்த விருப்பத்தில் விலகுகிறேன்" என்று நீங்கள் எழுதிக் கொடுத்தால், அந்தச் சம்மதத்தை நீங்களே கையில் கொடுத்தது போலாகிவிடும்.

வேலை நிறுத்தப்பட்ட நாளிலிருந்து 6 மாதத்துக்குள் முறைப்பாடு செய்தாக வேண்டும். நான்கு மாதம் போய்விட்டது. ஆகவே இந்த வாரமே உங்கள் பகுதித் தொழில் அலுவலகத்துக்குப் போங்கள். நியமனக் கடிதம், சம்பளச் சீட்டுகள், சேமலாப நிதி விபரம் ஆகியவற்றை எடுத்துச் செல்லுங்கள். வெள்ளத்தில் போயிருந்தால் அதையும் சொல்லுங்கள். ஆணையாளர் நாயகம் நட்டஈடு தீர்மானிக்கும்போது பயன்படுத்தும் கணக்கின்படி 24 வருடச் சேவைக்கு 43 மாதச் சம்பளம் வரும். உச்சவரம்பு 25 லட்சம் ரூபாய். இதைத் தவிர, 1983ஆம் ஆண்டுப் பணிக்கொடைச் சட்டப்படி வருடத்துக்கு அரை மாதச் சம்பள வீதம், உங்களுக்கு 12 மாதச் சம்பளம் பணிக்கொடையாகச் சேர வேண்டும். முதலாளியும் வெள்ளத்தில் நொந்தவர் என்று நீங்கள் இரங்குவது எனக்குப் புரிகிறது. ஆனால் இது அவர் இரக்கப்பட்டுத் தரும் பணமல்ல, நீங்கள் உழைத்துச் சேர்த்த உரிமை.

இனி உங்கள் மனதைப் பற்றிப் பேசுவோம்.

ஆஸ்திரியாவில் வியன்னாவுக்கு அருகே மரியென்தால் என்றொரு சிற்றூர் இருக்கிறது. ஊரே ஒரு துணி ஆலையை நம்பி வாழ்ந்தது. 1930 வாக்கில் ஆலை மூடப்பட்டது. மரீ யஹோடா உள்ளிட்ட ஆய்வாளர்கள் அங்கே போய், வேலை இழந்த குடும்பங்களோடு பழகி, 1933இல் ஒரு நூல் வெளியிட்டார்கள். ஆண்கள் தெருவில் நடக்கும் வேகம்கூடக் குறைந்துவிட்டதை அவர்கள் கண்டார்கள். அவசரமாகப் போக ஓர் இடம் இல்லாததால் வழியில் அடிக்கடி நின்றார்கள். நேரம் நிறையக் கிடைத்தும் நூலகத்தில் இரவல் வாங்குவது கூடவில்லை, குறைந்தது. பெண்களுக்குச் சமையலும் பிள்ளைகளும் இருந்ததால் அவர்களுடைய நாள் அப்படிக் கலைந்துபோகவில்லை. சம்பளத்தோடு நேர ஒழுங்கையும், நாலு பேர் பழக்கத்தையும், கூடிச் செய்யும் நோக்கத்தையும், ஊரில் ஓர் இடத்தையும், கைக்கொரு காரியத்தையும் வேலை நமக்குத் தருகிறது என்று யஹோடா பின்னாளில் எழுதினார். இவை அத்தனையும் உங்களிடமிருந்து ஒரே மாதத்தில் பறிபோயின. தூக்கம் கெடுவதும் கோபம் வருவதும் இயல்பு. நீங்கள் பலவீனமானவர் என்று அதற்கு அர்த்தமில்லை.

ஆனால் காலையில் பையை மாட்டிக்கொண்டு பஸ் ஏறுவதை நிறுத்துங்கள். வேலை தேடுவதற்கு வேண்டிய தெம்பையெல்லாம் அந்த நடிப்பே தின்றுவிடுகிறது. அதோடு, உங்களுக்கு வேலை வரக்கூடிய வழியையும் அது அடைத்துவிடுகிறது. இதுதான் நான் உங்களுக்கு முக்கியமாகச் சொல்ல விரும்புவது.

இருபத்தைந்து வயதில் வேலை சான்றிதழைக் காட்டிக் கிடைக்கிறது. ஐம்பதைத் தாண்டியவருக்கு, அவர் வேலை செய்ததைக் கண்ணால் கண்டவர் சொல்லித்தான் பெரும்பாலும் கிடைக்கிறது. அமெரிக்கச் சமூகவியலாளர் மார்க் கிரனோவெட்டர் மாசசூசெட்ஸில் வேலை மாறியவர்களை விசாரித்து, 1970களில் முடிவுகளை வெளியிட்டார். பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு அறிமுகமானவர்கள் மூலமே வேலை தெரியவந்திருந்தது. அந்த அறிமுகக்காரர்களிலும் நெருங்கிய நண்பர்கள் குறைவு, எப்போதாவது சந்திப்பவர்களே அதிகம். நெருங்கியவருக்குத் தெரிந்த இடங்கள் உங்களுக்கும் தெரிந்திருக்கும். புதிய இடத்துச் செய்தி தூரத்துப் பழக்கத்திலிருந்துதான் வரும்.

24 வருடம் உங்கள் களஞ்சியத்து வாசலில் சரக்கு இறக்கியவர்களை நினைத்துப் பாருங்கள். லொறிச் சாரதிகள், கம்பனிகளின் விற்பனைப் பிரதிநிதிகள், கெலிஓயாவிலிருந்தும் புசல்லாவையிலிருந்தும் வந்த கடை முதலாளிகள். எந்தக் களஞ்சியத்தில் கணக்கு குழம்பிக் கிடக்கிறது, எங்கே ஆள் நின்றுவிட்டார் என்பது மனிதவள அலுவலகத்துக்குத் தெரியுமுன் ஒரு விற்பனைப் பிரதிநிதிக்குத் தெரிந்துவிடும். உங்கள் வேலை நின்றது அவருக்குத் தெரியுமா? தெரியாவிட்டால் அவர் யாரிடம் உங்களைப் பற்றிச் சொல்வார்? தொலைபேசியை எடுத்துப் பேசுங்கள். "தம்பி, எங்க ஸ்டோர் மூடிட்டாங்க. நான் வேற இடம் பாக்கிறன். எங்கயும் கேள்விப்பட்டா சொல்லுங்க." இவ்வளவு போதும், விளக்கம் வேண்டியதில்லை. வெள்ளம் கடைகளை அழித்த ஊரில் வேலை போனவரை யாரும் குறைவாக எண்ணப் போவதில்லை.

பிள்ளைகளிடமும் சொல்லுங்கள். மனைவியும் நீங்களும் சேர்ந்து உட்கார்ந்து, நடந்ததையும், இப்போது செய்துவருவதையும், எந்தச் செலவைக் குறைக்க வேண்டும் என்பதையும் சொன்னால் போதும். பல்கலைக்கழகத்தில் வருமான அடிப்படையில் பர்சரி உதவித்தொகை கொடுக்கிறார்கள். குடும்ப வருமானம் நின்றது தெரிந்தால்தான் மகள் அதைப் பற்றி விசாரிக்க முடியும். அப்பா எதையோ மறைக்கிறார் என்று பிள்ளைகள் எப்படியும் உணர்ந்திருப்பார்கள். காரணம் தெரியாத கோபத்தைவிட, தெரிந்த கஷ்டம் அவர்களுக்குத் தாங்கக்கூடியது.

வேலை தேடுவதற்கு நேரம் வரையறுத்துக்கொள்ளுங்கள். காலையில் இரண்டு மூன்று மணித்தியாலம் விண்ணப்பம், தொலைபேசி, சந்திப்பு. அதன்பிறகு அதைத் தொடாதீர்கள். மீதி நேரத்துக்குக் கைவேலை ஒன்று வேண்டும். வெள்ளத்தில் கெட்ட கடைகளில் சரக்கையும் கணக்கையும் ஒழுங்குபடுத்த உங்களைப் போன்றவர் தேவைப்படுவார். நாள்கூலிக்குச் செய்தாலும் அது வேலைதான். தூக்கமின்மை வாரக்கணக்கில் நீடித்தாலோ, எதிலும் பிடிப்பு இல்லாமல் போனாலோ, உயிரோடு இருந்து என்ன பயன் என்ற எண்ணம் ஒருமுறை வந்தாலோ தாமதிக்காதீர்கள். தேசிய மனநல உதவி இலக்கமான 1926க்கு இரவிலும் தமிழில் பேசலாம். பேராதனை போதனா வைத்தியசாலையிலும் மனநலச் சிகிச்சை கிடைக்கும்.

அடுத்து உங்கள் சுயவிபரக் கோவை. "24 வருட அனுபவம்" என்ற வரி, படிக்கிறவருக்கு உங்கள் வயதை மட்டும்தான் சொல்லும். உங்களால் என்ன முடியும் என்பதைச் சொல்லாது. அதை எடுத்துவிட்டு, செய்த வேலையை எழுதுங்கள். எத்தனை வகைச் சரக்கைப் பார்த்தீர்கள்? சரக்கின் வரவையும் செலவையும் குறிக்கும் பின் கார்டை யார் எழுதினார்கள், வருடக் கணக்கெடுப்பில் எவ்வளவு வித்தியாசம் வந்தது? காலாவதியாகும் சரக்கு திரும்பிப் போகாமலிருக்க என்ன ஒழுங்கு வைத்திருந்தீர்கள்? எந்தக் கணினி மென்பொருளில் பதிந்தீர்கள்? வெள்ளம் வந்தபோது எதைக் காப்பாற்றினீர்கள்? ஒரு பக்கத்துக்குள் முடியுங்கள். கையில் சான்றிதழ் இல்லையென்றால், முன்பே கற்ற திறனை மதிப்பிட்டு தேசிய தொழில் தகைமைச் சான்றிதழ், அதாவது என்.வி.கியூ. வழங்கும் முறை இருக்கிறது. மறுபடி வகுப்பில் உட்கார வேண்டியதில்லை. உங்கள் துறைக்கு எந்த மட்டத்தில் கிடைக்கும் என்று நைட்டா (தேசிய பயிலுனர், கைத்தொழில் பயிற்சி அதிகாரசபை) அலுவலகத்தில் கேளுங்கள். உங்கள் பகுதிக்குரிய உடபலாத்த பிரதேச செயலகத்துக்குப் போய், மனிதவலு, வேலைவாய்ப்புத் திணைக்களத்தின் உத்தியோகத்தரைச் சந்தித்து வேலை தேடுபவராகப் பதிந்துகொள்ளுங்கள். வெளிநாட்டு வேலை என்று யாராவது முற்பணம் கேட்டால், 1989 என்ற தொலைபேசி இலக்கத்தில் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தை அழைத்து, முகவருக்கு அனுமதிப்பத்திரம் இருக்கிறதா என்று உறுதிசெய்யுங்கள்.

விளம்பரத்தில் வயதெல்லை போடுவது உங்களைக் காயப்படுத்தியிருக்கிறது. அது அநீதிதான். அமெரிக்காவில் 40 வயதைக் கடந்தவர்களை வயது காரணமாக ஒதுக்குவதை 1967ஆம் ஆண்டே சட்டத்தால் தடுத்தார்கள். நம் அரசியலமைப்பின் 12(2)ஆம் உறுப்புரை இனம், மதம், மொழி, சாதி, பால் என்று வரிசையாகச் சொல்கிறது. அந்த வரிசையில் வயது இல்லை. அது சேர்க்கப்பட வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து. ஆனால் ஒரு சட்டம் இப்போதே உங்கள் பக்கம் நிற்கிறது. 2021ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம், 15 பேருக்குக் குறையாத தனியார் நிறுவனங்களில் ஆகக் குறைந்த ஓய்வு வயதை 60 ஆக்கியது. 55இல் எல்லாம் முடிந்துவிடும் என்ற பழைய கணக்கில்தான் பல முதலாளிமார் இன்னும் இருக்கிறார்கள். நேர்முகப் பரீட்சையில் நீங்களே எடுத்துச் சொல்லுங்கள்: "எனக்கு இன்னும் 7 வருடம் இருக்கிறது. நான் வெளிநாடு போகப் போவதில்லை." 2022இலும் 2024இலும் ஆண்டுக்கு 3 லட்சத்துக்கும் மேற்பட்டோர் வெளிநாட்டு வேலைக்குப் போன நாடு இது. வேலை பழக்கிய பையன் அடுத்த வருடமே விமானம் ஏறுவதைப் பார்த்துச் சலித்த முதலாளிக்கு இந்தச் சொல் மதிப்பானது.

சேமலாப நிதியை 55இல் எடுத்துக்கொண்டு ஒதுங்குவது பற்றிக் கேட்டீர்கள். ஆற்றில் போட்டாலும் அளந்து போடச் சொல்வார்கள், அளந்தே வாழ்ந்த உங்களுக்கு அது தெரியும். மாதச் சம்பளத்தில் உங்கள் 8 வீதமும் முதலாளியின் 12 வீதமும் சேமலாப நிதிக்குப் போகின்றன, முதலாளியின் இன்னொரு 3 வீதம் ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்குப் போகிறது. 60 வரை 7 வருடம் வேலை செய்தால் ஏறத்தாழ 19 மாதச் சம்பளம் மேலதிகமாகச் சேரும், வட்டி தனி. மகனின் படிப்பு முடியும் முன்பே சேமிப்பை உடைத்தால், எழுபது வயதில் கையை ஏந்த வேண்டி வரும். இப்போதைய நெருக்கடிக்கு நம்பிக்கை நிதியத்தில் உள்ளதை எடுக்கலாமா என்று பாருங்கள். வேலை நின்றவர்கள் அதைக் கோர முடியும், ஆனால் 5 வருடத்துக்கு ஒருமுறைதான்.

கடைசியாக, நாவலப்பிட்டி வேலை. அவர் உங்களை இரக்கப்பட்டுக் கூப்பிடவில்லை. அவருடைய களஞ்சியம் ஒழுங்காக ஓடினால்தான் அவருடைய நாற்காலி நிலைக்கும். அதைச் செய்யக்கூடியவர் யார் என்பதைப் பக்கத்திலிருந்து பார்த்தவர் அவர். 24 வருடத்தில் உங்களுக்குக் கிடைத்த சிறந்த சான்றிதழ் அந்தத் தொலைபேசி அழைப்புத்தான். போங்கள். சேருமுன் நியமனக் கடிதம், சம்பளம், சேமலாப நிதி, நம்பிக்கை நிதியம் எல்லாவற்றையும் எழுத்தில் கேளுங்கள். தொழில் அலுவலகத்திலும் சொல்லி, உங்கள் முறைப்பாட்டுக்கு அதனால் பாதிப்பு வருமா என்று தெரிந்துகொள்ளுங்கள். மற்றவர்கள் முன்னால் அவரைத் "தம்பி" என்பதா "சேர்" என்பதா என்பதையும் முதல் நாளே இருவரும் பேசி முடிவெடுங்கள். அவருடைய தீர்மானத்தில் குறை கண்டால் தனியாகச் சொல்லுங்கள். நீங்கள் பழக்கிய ஒருவர் முகாமையாளராக வந்தது உங்களுக்குத் தாழ்வல்ல, நீங்கள் நன்றாகப் பழக்கினீர்கள் என்பதற்கு அது அத்தாட்சி. அங்கே சேர்ந்த பிறகும் இன்னும் நல்ல இடம் தேடுவதை யாரும் தடுக்கப் போவதில்லை. வேலையில் இருப்பவராகத் தேடும்போது அது எளிதாகவும் இருக்கும்.