கடத்தல் சரக்கு: பழி யார் மேல்?

மதுரை தெற்காவணி மூல வீதியில் ‘பிஸ்கட்’ என்றால் டீயில் நனைப்பது இல்லை. பத்து தோலா, அதாவது 116.64 கிராம் எடையில், உள்ளங்கைக்குள் அடங்கும் தங்கக் கட்டி. அதுவே விமான நிலையத்தில் பிடிபட்டால் மறுநாள் பேப்பரில் ‘கடத்தல் தங்கம்’. இந்தக் கடத்தல் என்ற சொல்லைச் சுற்றி நம்மூரில் உலவும் நம்பிக்கைகள் பல. சிலவற்றைத் தட்டிப் பார்க்கலாம்.

கடத்தல் என்றாலே குற்றம் என்பது முதல் நம்பிக்கை. கடக்கச் செய்வது கடத்தல், அவ்வளவுதான். செம்பு நல்ல மின்கடத்தி என்று பள்ளியில் படித்தோம். ஆபீஸில் பொழுதைக் கடத்துகிறவர் மேல் யாரும் வழக்குப் போடுவதில்லை. குற்றத்தைக் குறிக்க ‘கள்ளக்கடத்தல்’ என்ற சொல் தனியாக இருக்கிறது. பேச்சு வழக்கில் ‘கள்ள’ உதிர்ந்துபோய், மிச்சமிருக்கும் பாதி பழியைச் சுமக்கிறது. இந்தியின் ‘தஸ்கரி’ திருடனைக் குறிக்கும் சமஸ்கிருதச் சொல்லிலிருந்து வந்தது. ஆங்கிலத்தின் ‘கான்ட்ராபேண்ட்’ இத்தாலிய மூலம் கொண்டது. அரசாணைக்கு எதிரானது என்று பொருள். அவை ஆளையும் ஆணையையும் பிடித்துக்கொண்டன. தமிழ், சரக்கு வந்த வழியைப் பார்க்கிறது. என் கணக்கில் மூன்றிலும் துல்லியமானது இதுதான்.

ஏன் என்பது அடுத்த நம்பிக்கையைத் தட்டிப் பார்த்தால் தெரியும்: ‘கடத்தல் சரக்கு என்றால் தடை செய்யப்பட்ட சரக்கு’. கஞ்சாவுக்கு அது பொருந்தும். தங்கம் அப்படியா? விமான நிலையச் சுங்கத்தின் சிவப்பு வழியில் போய்க் கணக்குக் காட்டித் தீர்வை கட்டினால் அது முறையான இறக்குமதி. அதே தங்கத்தைப் பசையாகக் குழைத்து, உருண்டை பிடித்து, உடம்புக்குள் ஒளித்துப் பச்சை வழியில் நடந்தால் 1962ஆம் ஆண்டின் சுங்கச் சட்டப்படி பறிமுதல். இப்படி நிபந்தனையை மீறிக் கொண்டுவருவதைத் தடைப்பொருளுக்குச் சமமாகவே நீதிமன்றங்கள் பார்க்கின்றன. ஆனால் அந்தத் தடை உலோகத்தின் பிறவிக் குணமல்ல. 1963இல் 14 காரட்டுக்கு மேல் நகை செய்யக் கூடாது என்று விதி வந்தபோது நாடெங்கும் பொற்கொல்லர்கள் பிழைப்பிழந்தார்கள். 1968இல் தங்கக் கட்டுப்பாட்டுச் சட்டமே வந்தது. 1990இல் அது போனது. 1992இல், வெளிநாட்டிலிருந்து திரும்பும் இந்தியர் தீர்வை கட்டி ஐந்து கிலோ வரை கொண்டுவரலாம் என்றார்கள். பிஸ்கட் மாறவே இல்லை. 2024 ஜூலையில் தீர்வை 15 சதவீதத்திலிருந்து 6 ஆக இறங்கியதும், கடத்துவதில் கிடைக்கும் லாபமும் அந்த அளவுக்கு இளைத்தது.

‘குருவி’ என்ற பெயர் விஜய் படத்தால் வந்தது என்பவர்களும் உண்டு. படம் வந்தது 2008இல். சிங்கப்பூருக்கும் கொழும்புக்கும் பறந்து, கூலிக்குச் சரக்குத் தூக்கி வந்தவர்களுக்கு அதற்கு வெகு முன்பே அந்தப் பெயர் விழுந்துவிட்டது.

கடத்தலுக்குக் கடலோ நாட்டு எல்லையோ வேண்டும் என்று நினைப்பவர்கள் உசிலம்பட்டி, தேனி வழியாக ராத்திரியில் போகும் லாரிகளைக் கேட்கட்டும். ரேஷன் அரிசியை நுகர்பொருள் வாணிபக் கழகத்தின் சாக்கிலிருந்து வெள்ளைச் சாக்குக்கு மாற்றி, கம்பம்மெட்டு, போடிமெட்டு, குமுளி வழியாகக் கேரளாவுக்கு ஏற்றுகிறார்கள்; பாலிஷ் போட்டால் அது வேறு அரிசி. எல்லைவரை போகக்கூட வேண்டியதில்லை. குடோனில் பதுக்கிவைத்திருந்தாலே குடிமைப்பொருள் வழங்கல் குற்றப் புலனாய்வுத் துறை வந்து நிற்கும். இங்கே சுங்கச் சட்டத்துக்கு வேலையில்லை. 1955ஆம் ஆண்டின் அத்தியாவசியப் பொருட்கள் சட்டம்தான். “எங்க கார்டுக்கு வாங்குன அரிசி, யாருக்கு வித்தா என்ன?” என்று அரிசியை விற்கும் வீட்டார் வாசலில் கேட்கிறார்கள். கேள்வி நியாயமாகத்தான் தோன்றுகிறது. ஆனால் 2011 ஜூன் முதல் விலையில்லாமல் கிடைக்கும் இந்த அரிசி அந்த வீட்டார் தின்பதற்குத் தரப்படுவது, விற்பதற்கு அல்ல. லாரியில் ஏறும் மூட்டை பெரும்பாலும் இப்படி ஐந்து கிலோ, பத்து கிலோவாக வாசல் வாசலாகச் சேர்ந்ததுதான்.