மக்காச்சோளமும் கொத்துக்கறியும்: ஒரு மகள் கேட்ட கேள்வி

சில மாதங்களுக்கு முன் எங்கள் பொது மருத்துவப் பிரிவில் ஒருவர் சேர்க்கப்பட்டார். புறங்கைகளிலும் கழுத்தைச் சுற்றியும் தோல் கருத்து, தடித்து, உரிந்திருந்தது. நாக்கு சிவந்து புண்ணாகியிருந்தது. ஓயாத வயிற்றுப்போக்கு, அவ்வப்போது நினைவுத் தடுமாற்றம். பல ஆண்டு மதுப்பழக்கமும், அதனால் நாளடைவில் நின்றுபோன சாப்பாடும் அவரை அந்நிலைக்குக் கொண்டுவந்திருந்தன. நோயின் பெயர் பெல்லாக்ரா. நியாசின் எனப்படும் 'பி3' வைட்டமினின் குறைவால் வருவது.

அவரைக் கவனிக்க டெக்சாஸிலிருந்து விடுப்பில் வந்திருந்த மகள், வீட்டுக்கு அனுப்பும் நாளன்று ஒரு தாளை நீட்டினார். அதில் ஒரு சமையல் குறிப்பு இருந்தது. "அங்கே நாங்கள் அடிக்கடி செய்வது டாக்டர். செலவு குறைவு, மெத்தென்று இருக்கும், அப்பாவுக்கு மெல்லச் சிரமம் இருக்காது. ஆனால் மக்காச்சோளம் சாப்பிட்டால்தான் இந்த நோய் வரும் என்று படித்தேன். கொடுக்கலாமா?" என்று கேட்டார். அவர் படித்தது பொய்யன்று. முழு உண்மையும் அன்று.

அவர் குறிப்பிட்ட உணவு 'தமாலே பை'. இந்தப் 'பை' கடைக்கு எடுத்துச் செல்லும் பையன்று. அடுக்கி வைத்து ஓவனில் சுடும் பண்டத்துக்கு அமெரிக்கர் வழங்கும் பெயர். தமாலே என்பது மெக்சிகோவின் பழைய உணவு. மக்காச்சோள மாவைப் பிசைந்து, உள்ளே இறைச்சி வைத்து, கதிரின் மேல்தோலில் பொதிந்து ஆவியில் வேகவைப்பார்கள். நம் கொழுக்கட்டைக்கு ஒன்றுவிட்ட உறவு எனலாம். ஒவ்வொன்றாகப் பொதிந்துகொண்டிருக்க நேரமில்லாத அமெரிக்க இல்லங்களில் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அது எளிய உருவம் பெற்றது. மக்காச்சோளக் களியைத் தட்டில் பரப்பி, கொத்துக்கறியை நடுவில் இட்டு, மேலும் களியால் மூடிச் சுட்டார்கள். முதல் உலகப் போரின்போது, 1917இல், கோதுமையையும் இறைச்சியையும் மிச்சப்படுத்துமாறு அந்நாட்டு அரசு இல்லத்தரசிகளை வேண்டிக்கொண்டது. சிறிதளவு கறியைக் கொண்டு பெரிய குடும்பத்தின் வயிற்றை நிறைக்கும் இத்தகைய உணவு அந்நாட்களுக்குப் பொருத்தமாக இருந்தது.

அதே காலத்தில் அதே நாட்டின் தென் மாநிலங்களில் பெல்லாக்ரா ஆயிரக்கணக்கில் உயிர் குடித்துக்கொண்டிருந்தது. ஏழைகள் உண்டது மக்காச்சோள மாவு, பன்றிக் கொழுப்பு, வெல்லப்பாகு, அவ்வளவே. இது தொற்றுநோய் என்றே பலரும் நம்பினர். 1914இல் அங்கு அனுப்பப்பட்ட மருத்துவர் ஜோசப் கோல்ட்பெர்கர் ஒன்றைக் கவனித்தார்: காப்பகங்களில் நோய் உள்ளிருப்போருக்கே வந்தது, அவர்களோடு பழகிய பணியாளர்களுக்கு வரவில்லை. உணவில் பால், இறைச்சி, முட்டை சேர்த்தபோது நோய் மறைந்தது. ஐயம் தீராதவர்களுக்காக நோயாளியின் இரத்தத்தைத் தம் உடலிலேயே செலுத்திக்கொண்டார். அவர் மனைவியும் அவ்வாறே செய்துகொண்டார். இருவருக்கும் ஒன்றும் நேரவில்லை. விடுபட்ட சத்து நியாசின் என்பது 1937இல்தான் தெரியவந்தது. அதைக் காண அவர் உயிரோடில்லை.

மக்காச்சோளத்தில் நியாசின் இல்லாமலில்லை. அது நம் குடலால் பிரித்தெடுக்க முடியாதபடி பிணைந்து கிடக்கிறது. மெக்சிகோவின் பழங்குடியினர் சோளத்தைச் சுண்ணாம்பு நீரில் வேகவைத்து ஊறவிட்ட பிறகே அரைத்தனர். அந்தச் சுண்ணாம்பு பிணைப்பை அவிழ்த்துவிடுகிறது. தானியம் கடல் கடந்தது. சுண்ணாம்பு உடன் செல்லவில்லை. தமாலே பைக்குப் பயன்படும் மாவும் பெரும்பாலும் சுண்ணாம்பு காணாத வெறும் மாவே. ஆனால் அந்த உணவு கறியைக் கைவிடவில்லை. 80 கிராம் மாட்டுக் கொத்துக்கறியில் 3 முதல் 4 மில்லிகிராம் நியாசின் உண்டு. அதன் புரதத்திலுள்ள ட்ரிப்டோஃபேனிலிருந்து உடல் இன்னும் 2 மில்லிகிராம் அளவுக்கு ஆக்கிக்கொள்ளும். பெரியவர் ஒருவருக்கு நாள்தோறும் தேவைப்படுவது 14 முதல் 16 மில்லிகிராம். ஆகவே அந்த மகளுக்கு நான் சொன்னது: "தாராளமாகக் கொடுங்கள். செலவைக் குறைக்க எண்ணிக் கறியை மட்டும் குறைத்துவிடாதீர்கள்."

ஐவருக்கான செய்முறை இது. மக்காச்சோள மாவு ஒரு கோப்பை வேண்டும். சற்றுக் கொரகொரப்பாக இருந்தால் நல்லது. கடையில் 'கார்ன்ஃபிளவர்' என்று கேட்டால் வெள்ளை வெளேரென்ற வெறும் மாச்சத்தைக் கொடுத்துவிடுவார்கள். அது இதற்கு ஆகாது, நமக்கு வேண்டியது மஞ்சள் மாவு. அதை ஒரு கோப்பைக் குளிர்ந்த நீரில் கரைத்து, கொதிக்கும் மூன்று கோப்பை நீரில் ஊற்றி, சிறு தீயில் 20 நிமிடம் கிளறவேண்டும். கேழ்வரகுக் களி கிண்டிய கைக்கு இதைக் கற்பிக்க வேண்டியதில்லை. மற்றொரு அடுப்பில் சிறிதளவு எண்ணெயில் வெங்காயம், பூண்டு, குடைமிளகாய் வதக்கி, 400 கிராம் கொத்துக்கறியைச் சேர்த்து நிறம் மாறும்வரை கிளறி, மூன்று தக்காளியும் சீரகத்தூளும் இட்டு நீர் வற்றவிடவும். அமெரிக்கர் மிளகாய்த்தூள் நிறையச் சேர்ப்பர். வாய்ப்புண் ஆறாதவருக்கு அதை அடியோடு விட்டுவிடுங்கள். களியில் பாதியை எண்ணெய் தடவிய தட்டில் பரப்பி, கறியை இட்டு, மீதிக் களியால் மூடி, 180 டிகிரி செல்சியஸில் 35 நிமிடம் சுடவும். ஓவன் இல்லாத வீட்டில், அடிகனமான பாத்திரத்தில் அடுக்கி இறுக மூடி, தோசைக்கல்லின்மேல் வைத்துச் சிறு தீயில் அரைமணி நேரம் விடலாம். மேற்புறம் சிவக்காது; சுவையில் பெரிய குறையில்லை.

கறி வேகும் அளவில் மட்டும் எந்தச் சலுகையும் இல்லை. முழுத் துண்டில் கிருமிகள் மேற்பரப்பில் இருக்கும். கொத்தும்போது அவை உள்ளெங்கும் கலந்துவிடுகின்றன. 1993இல் அமெரிக்காவின் மேற்கு மாநிலங்களில் சரியாக வேகாத கொத்துக்கறியால் பரவிய ஈ.கோலை நோயில் நான்கு குழந்தைகள் இறந்தனர். கறியின் நடுப்பகுதி 71 டிகிரியை எட்டவேண்டும். இளஞ்சிவப்பு எங்கும் எஞ்சக்கூடாது. மிஞ்சியதை இரண்டு மணி நேரத்துக்குள் குளிர்பதனப் பெட்டியில் வைத்து, மறுநாள் ஆவி பறக்கச் சூடாக்கி ஒரே முறையில் முடித்துவிடுங்கள்.

மாட்டிறைச்சி உண்ணாத குடும்பங்கள் கோழிக் கொத்துக்கறியைப் பயன்படுத்தலாம். நியாசின் அதில் இன்னும் கூடுதல். இதய, கல்லீரல் நோயாளிகளுக்கு உப்பைக் குறைத்து, மேலே தூவும் பாலாடைக்கட்டியைத் தவிருங்கள். சிறுநீரக நோயாளிகள் தக்காளியையும் கறியின் அளவையும் முன்கூட்டியே உணவியலாளரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். பெல்லாக்ரா ஏற்கெனவே வந்துவிட்டவருக்கு எந்த உணவும் மாத்திரைக்கு மாற்றாகாது. நிக்கோடினமைடும் பிற 'பி' வைட்டமின்களும் நாங்கள் நிறுத்தச் சொல்லும்வரை தொடரவேண்டும்.

ஆறு வாரம் கழித்து அந்தத் தந்தை புறநோயாளர் பிரிவுக்கு வந்தார். கைகளின் தோல் ஏறக்குறைய தெளிந்திருந்தது. எடை மூன்று கிலோ கூடியிருந்தது. மதுவைத் தொடவில்லை என்று மகள் தலையசைத்து உறுதி செய்தார். உணவு எப்படி என்று கேட்டேன். "களி பரவாயில்லை டாக்டர், தொட்டுக்கொள்ள ஊறுகாய் கேட்டால்தான் தரமாட்டேன் என்கிறாள்" என்றார். நானும் தர அனுமதிக்கவில்லை.