மணியின் முதல் கிறிஸ்துமஸ்

டிசம்பர் பிறந்ததும் பாளையங்கோட்டையில் எங்கள் தெருக்காரர்கள், "மணிக்கு என்ன டிரஸ் எடுத்தீங்க?" என்று கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். வீட்டுக்கு வந்த நாய்க்குட்டியையும் பிள்ளைபோல விசாரிக்கிறார்களே என்று மனசு நிறைந்தது. ஆனால் துணிமணி எதுவும் எடுக்கவில்லை. நேரத்துக்குச் சாப்பாடு, பழகிய மூலையில் தூக்கம், எந்நேரமும் பக்கத்தில் தெரிந்த முகம் ஒன்று. வீடு தலைகீழாக மாறும் அந்த ஒரு வாரத்தில் இந்த மூன்றும் மாறாமல் பார்த்துக்கொள்வதைத்தான் குட்டிக்கான பண்டிகை என்று நினைக்கிறேன்.

மணி நாட்டு நாய். செப்டம்பர் கடைசியில் பிறந்தது. எட்டு வாரம் தாயிடம் இருக்கவிட்டு, நவம்பர் முடிவில் எடுத்துவந்தோம். எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது என்று 2017-ல் வந்த மத்திய அரசு விதியும் சொல்கிறது. பிள்ளைகளுக்குக் கிறிஸ்துமஸ் பரிசாக 24-ஆம் தேதி குட்டி வாங்க நினைப்பவர்கள் தயவுசெய்து பொங்கல்வரை பொறுத்திருங்கள். தாயைப் பிரிந்த ஏக்கமும் வெடிச்சத்தமும் ஒரே ராத்திரியில் அதன் தலையில் இறங்க வேண்டாம்.

எங்கள் வீட்டு மரம், வாளி மணலில் நட்ட சவுக்குக் கிளை. அதைத் தரையில் வைக்காமல் மேசைமேல் ஏற்றினோம். குடிலும் அப்படியே. வைக்கோலும் மரத்தூளும் குட்டிக்குச் சிறுநீர் கழிக்கத் தோதான இடமாகத்தான் தெரியும். தெர்மகோல் உருண்டை, பஞ்சு இரண்டையும் இந்த வருஷம் விட்டுவிட்டோம். சீரியல் லைட் வயரை பீரோவுக்குப் பின்னால் கொண்டுபோய், ஆள் இல்லாதபோது பிளக்கைக் கழற்றிவைத்தோம். ரொம்பவும் பயப்பட வேண்டியது ஜிகினாச் சரத்துக்கு. விழுங்கிய இழை குடலைச் சுருக்கி அறுத்துவிடும். அறுவை சிகிச்சைவரை போகும். வாயிலோ ஆசனவாயிலோ நூல் தொங்கினால் பிடித்து இழுக்கவே கூடாது. அப்படியே மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு போக வேண்டும்.

சாப்பாட்டில்தான் நல்ல மனசுக்காரர்களே ஆபத்தாகிறார்கள். வீட்டுக்கு வீடு தட்டு போகும், வரும். பிளம் கேக்கில் இருக்கும் உலர்திராட்சை நாயின் சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்யலாம். எவ்வளவு தின்றால் ஆபத்து என்பது நாய்க்கு நாய் மாறுவதால் 'ஒரு துண்டுதானே' என்ற கணக்கே கிடையாது. சாக்லேட்டும் ஆபத்துதான், கறுப்பு சாக்லேட் இன்னும் மோசம். சர்க்கரை நோயாளி இருக்கும் வீட்டில் சர்க்கரை இல்லாத மிட்டாயும் சூயிங்கமும் இருக்கும். நாய்க்கு ஆகாத சைலிட்டால் என்ற இனிப்பூட்டியின் பெயர் உறையில் இருந்தால் எட்டாத உயரத்தில் வையுங்கள். பிரியாணியில் இருக்கும் வெங்காயமும் பூண்டும் நாய்க்கு ஆகாது. வெந்த எலும்பு கூரான சில்லாக உடைந்து தொண்டையிலும் குடலிலும் குத்தும்.

இதையெல்லாம் ஒவ்வொரு விருந்தாளிக்கும் விளக்கிக்கொண்டிருக்க முடியாது. அதனால் அத்தை ஒரு வழி செய்தாள். உப்பும் மசாலாவும் இல்லாமல் வேகவைத்த கோழியை எலும்பு நீக்கிப் பிய்த்து, சிறு டப்பாவில் போட்டு வாசல் பக்கமே வைத்துவிட்டாள். "குட்டிக்கு ஏதாவது குடுக்கணும்போல இருக்கா? இதுல ஒண்ணு எடுத்துக் குடுங்க." ஒருவரும் கோபித்துக்கொள்ளவில்லை. வந்தவர்களின் கையையெல்லாம் மணி நக்கியே சிநேகம் பிடித்துக்கொண்டது.

தடுப்பூசி விஷயத்தையும் சொல்ல வேண்டும். பன்னிரண்டு, பதிமூன்று வாரக் குட்டிக்குத் தடுப்பூசி வரிசை முழுக்க முடிந்திருக்காது. பதினாறு வாரம்வரை போகும். பார்வோ வைரஸ் மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு கிடந்து, செருப்பில் ஒட்டிக்கொண்டு வரும். செருப்பை வெளியே விட்டு வரும் நம் வழக்கம் இங்கே பெரிய காவல். அந்தச் செருப்பு குட்டியின் வாய்க்கு எட்டாத இடத்தில் இருக்க வேண்டும், அவ்வளவுதான். வாந்தியோ ரத்தக் கழிச்சலோ தெரிந்தால் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. 25-ஆம் தேதி எந்த மருத்துவர் இருப்பார் என்று முன்கூட்டியே கேட்டு, எண்ணைக் குறித்துவைத்தோம்.

கேரல் குழு நடுராத்திரிக்கு மேல்தான் வரும். டிரம், கிதார், முகமூடி போட்ட கிறிஸ்துமஸ் தாத்தா. டிசம்பர் முதல் வாரத்திலிருந்தே மணி சாப்பிடும் நேரத்தில் போனில் டிரம் சத்தத்தை மிக மெதுவாக ஓடவிட்டேன். தட்டிலிருந்து தலையைத் தூக்காமல் தின்றால் மறுநாள் கொஞ்சம் கூட்டினேன். காது பின்னுக்குப் போனால் குறைத்தேன். தாத்தா வேஷம் போடும் தம்பியிடமும் முன்பே சொல்லிவைத்திருந்தேன். அவன் படியிலேயே முகமூடியைக் கழற்றி, குட்டியை நேராகப் பார்க்காமல் பக்கவாட்டில் உட்கார்ந்து, முகமூடியைத் தரையில் வைத்தான். மணி கழுத்தை நீட்டிப் பஞ்சுத் தாடியை மோந்தது, பின்வாங்கியது, மறுபடி வந்து மோந்தது. பிறகு அவன் முழங்காலில் ஒரு காலைத் தூக்கிவைத்தது. அதுவாக வரட்டும் என்று கூட்டமே பாட்டை நிறுத்திக் காத்திருந்தது எனக்குப் பெரிய சந்தோஷம்.

வெடிக்குப் போனில் சத்தம் பழக்கும் அந்த வழி போதாது. நாய்க்கு நாற்பத்தைந்தாயிரம் ஹெர்ட்ஸ்வரை காது கேட்கும், நமக்கு இருபதாயிரம்தான். தெருவை ஒட்டாத உள் அறையில் அதன் பாயைப் போட்டு, ஃபேனை வேகமாக வைத்து, ரேடியோவைப் போட்டோம். பயந்து ஒட்டிக்கொண்டால் அணைத்துக்கொள்ளுங்கள். தேற்றினால் பயம் கூடும் என்று சிலர் சொல்வார்கள்; அது உண்மையில்லை. நமக்குக் கொடுக்கும் தூக்க மாத்திரையை மட்டும் தொடவே கூடாது.

விடியுமுன் ஆராதனைக்கு வீடே கிளம்பும்போது குட்டியைத் தனியாகப் பூட்டிவிட்டுப் போக எனக்கு மனமில்லை. அத்தை அதோடு இருந்துவிட்டு, நாங்கள் திரும்பியபின் அடுத்த ஆராதனைக்குப் போனாள். பகலில் பிள்ளைகளுக்கு ஒரே சட்டம்: தூங்குகிற மணியைத் தொடக் கூடாது. இந்த வயதுக் குட்டி நாளில் பதினெட்டு மணி நேரம்வரை தூங்கும். தூக்கம் கெட்டால் கடிக்கும். அதைக் குறும்பு என்று அடிக்கக் கூடாது.

26-ஆம் தேதி காலை முதல் வேலையாக முற்றத்தைப் பெருக்குங்கள். வெடிக்காத பட்டாசின் மருந்து, உடைந்த பலூன் துண்டு, குப்பைக்கூடையின் எலும்பு எல்லாம் குட்டி எழுந்து வருவதற்குள் வெளியே போக வேண்டும். உள் அறைப் பாயை மட்டும் எடுத்துவிடாதீர்கள். 31-ஆம் தேதி ராத்திரி பன்னிரண்டு மணிக்கு மறுபடி வெடி இருக்கிறது.