வாட்ச்மேனுக்கும் லைசென்ஸா?

கேள்வி: கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் செக்யூரிட்டி வேலை. 'லைசென்ஸ் எடுக்க ஐயாயிரம் கட்டு' என்கிறார் ஏஜென்ட். கட்டலாமா? (வாசகர், ஆரணி, திருவள்ளூர் மாவட்டம்)

பதில்: ஒரு பைசாகூட வேண்டாம்!

2005-ஆம் ஆண்டு தனியார் பாதுகாப்பு முகமைகள் சட்டப்படி லைசென்ஸ் எடுக்க வேண்டியது ஏஜென்சி; கேட்டில் நிற்பவர் அல்ல. அந்த ஐயாயிரம் எங்கிருந்து முளைத்தது என்பதும் சட்டத்திலேயே இருக்கிறது. ஒரு மாவட்டத்தில் மட்டும் தொழில் செய்யும் ஏஜென்சிக்குக் கட்டணம் 5,000 ரூபாய். ஐந்து மாவட்டங்கள் வரை 10,000. மாநிலம் முழுக்க என்றால் 25,000. முதலாளி கட்ட வேண்டியதைத் தொழிலாளி தலையில் கட்டப் பார்க்கிறார்கள், அவ்வளவுதான். லைசென்ஸ் ஐந்தாண்டு செல்லும். அது தமிழ்நாட்டுக்கு மட்டுமே. எல்லை தாண்டி ஸ்ரீசிட்டிக்கு ஆள் அனுப்ப ஆந்திர லைசென்ஸ் தனியாக வேண்டும்.

காவலருக்கு வயது 18 முதல் 65 வரை இருக்கலாம். நன்னடத்தைச் சரிபார்ப்பும் பயிற்சியும் கட்டாயம். போட்டோ ஒட்டிய அடையாள அட்டையை ஏஜென்சிதான் தர வேண்டும்.

லைசென்ஸ் இல்லாமல் ஏஜென்சி நடத்தினால் ஓராண்டு வரை சிறை, அல்லது 25,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஏஜென்ட்டிடம் அந்த லைசென்ஸ் நகலைக் கேட்டுப் பாருங்கள். சட்டப்படி அதை அலுவலகத்தில் எல்லோர் கண்ணிலும் படும்படி மாட்டி வைத்திருக்க வேண்டும்.