மஞ்சள் புள்ளிக்குள் நீல ஒளி

கேள்வி: ஃபியூஸ் போன எல்இடி பல்பின் மூடியைக் கழற்றினேன். உள்ளே மஞ்சள் மஞ்சளாகப் புள்ளிகள். இதிலிருந்து வெள்ளை வெளிச்சம் எப்படி வருகிறது?
– வாசகி, கரூர்

பதில்: அந்த மஞ்சள், பாஸ்பர் என்ற பூச்சு. அதற்கு அடியில் இருக்கும் கடுகளவு சில்லு தருவது நீல ஒளி. அதில் ஒரு பகுதியைப் பாஸ்பர் உறிஞ்சி மஞ்சளாக வெளியே விடுகிறது. மீதி நீலம் அப்படியே கடந்து வருகிறது. இரண்டும் கலந்தால் நம் கண்ணுக்கு வெள்ளை.

சில்லில் இரு வகைக் குறைகடத்திகள் ஒட்டியிருக்கும். ஒன்றில் எலக்ட்ரான்கள் மிகுதி, மற்றதில் எலக்ட்ரான் இல்லாத காலியிடங்கள். மின்சாரம் பாயும்போது எலக்ட்ரான்கள் காலியிடங்களில் போய் விழ, அவை இழக்கும் ஆற்றல் ஒளியாகிறது. குண்டு பல்பைப் போல இழையைப் பழுக்கக் காய்ச்ச வேண்டியதில்லை. கரன்ட் செலவு குறைவது அதனால்தான்.

கண்ணுக்குத் தெரியும் சிவப்பு எல்இடியை நிக் ஹோலோன்யாக் 1962இல் செய்துவிட்டார். பிரகாசமான நீலத்துக்கோ இன்னும் 30 ஆண்டுகள் ஆயின! அதற்குத் தேவையான காலியம் நைட்ரைடு படிகத்தைக் குறையில்லாமல் வளர்ப்பது அவ்வளவு கடினம், பலர் கைவிட்டார்கள். ஜப்பானின் அகாசாகி, அமானோ, நகாமுரா ஆகியோர் விடவில்லை. 2014இல் மூவருக்கும் இயற்பியல் நோபல் கிடைத்தது. அந்தப் பரிசுக்கு இதைவிடத் தகுதியான உழைப்பு அரிது.

உங்கள் பல்பில் ஏதாவது ஒரு புள்ளியில் கறுப்புப் பொட்டு தெரிகிறதா? சில்லுகள் பெரும்பாலும் வரிசையாக, தொடர் இணைப்பில் இருக்கும். ஒன்று கருகினால் எல்லாமே அணைந்துவிடும். பொட்டு இல்லையென்றால், சில்லுகளுக்கு மின்சாரம் தரும் டிரைவர் சர்க்யூட்டைத்தான் சந்தேகிக்க வேண்டும்.