குனிந்தால் மட்டும் வேகம் வராது

சைக்கிள் பந்தயத்தில் டைம் டிரயல் என்பது தனி ஆள் ஓட்டம். முன்னால் போகிறவரின் முதுகுக்குப் பின்னே ஒதுங்க வழியில்லை. காற்று முழுவதையும் ஓட்டுபவர் ஒருவரே கிழித்துக்கொண்டு போக வேண்டும். சமதரையில் மணிக்கு 40 கிலோமீட்டரைத் தாண்டிவிட்டால், செலவாகும் சக்தியில் எண்பது சதவீதத்துக்கும் மேல் காற்றை விலக்கவே போய்விடுகிறது. அந்தத் தடையிலும் ஏறக்குறைய முக்கால் பங்குக்குக் காரணம் ஓட்டுபவரின் உடம்பு. சைக்கிளுக்குக் கால் பங்குதான். எப்படி உட்காருவது என்பது பற்றி இவ்வளவு பேச்சு எழுவதில் வியப்பில்லை. ஆனால் பேச்சோடு பேச்சாகப் பரவிவிட்ட சில நம்பிக்கைகளால் பலர் கழுத்து வலியையும் முதுகு வலியையும் தேடிக்கொள்கிறார்கள், வேகமும் கூடாமல். இது எனக்குப் பொறுக்கவில்லை.

“ஹேண்டில்பார் எவ்வளவு தாழ்கிறதோ அவ்வளவு வேகம்.”

இருப்பதிலேயே ஆழமாக வேரூன்றிய நம்பிக்கை இதுதான். அரை உண்மை என்பதால் இதை அசைப்பதும் கடினம். காற்றுத் தடையைத் தீர்மானிப்பவை இரண்டு: காற்றுக்கு நாம் காட்டும் பரப்பு, அந்தப் பரப்பின் வடிவம். இரண்டையும் பெருக்கி வரும் எண்ணைத்தான் சைக்கிள்காரர்கள் ‘சிடிஏ’ என்கிறார்கள். சாதாரண ரேஸ் சைக்கிளில் வளைந்த கைப்பிடியின் அடிப்பகுதியைப் பிடித்து ஓட்டுபவருக்கு இது சுமார் 0.32 இருக்கும். முழங்கைகளைத் தாங்கும் ஏரோ பாரில் நன்றாகப் பொருந்தி உட்கார்ந்தவருக்கு 0.24 அளவுக்கு இறங்கும். மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில், காற்றை எதிர்க்க மட்டும் முன்னவருக்கு 263 வாட் தேவை, பின்னவருக்கு 197 வாட் போதும். கால்களுக்குப் பயிற்சி கொடுத்து இந்த 66 வாட் வித்தியாசத்தை எட்டப் பல வருடங்கள் ஆகலாம், எட்டாமலும் போகலாம்.

சரி, அப்படியானால் இன்னும் தாழ்த்தலாமே? இங்கேதான் உடம்பு குறுக்கே வருகிறது. கைத்தாங்கியை மேலும் மூன்று சென்டிமீட்டர் இறக்கிவிட்டு ஒருவர் ஓட்டுவதைப் பக்கவாட்டில் நின்று பாருங்கள். நெஞ்சு இறங்கியிருக்கும். ஆனால் சாலையைப் பார்த்தாக வேண்டுமே, அதற்காகக் கழுத்தை நிமிர்த்தியிருப்பார். முதுகின் கோட்டுக்கு மேலே தலை தனியாகத் துருத்திக்கொண்டு நிற்கும். தோள்கள் விறைத்து அகன்றிருக்கும். நெஞ்சைத் தாழ்த்திப் பெற்றதைத் தலையும் தோளும் திருப்பிக் கொடுத்துவிடும். அதே ஆள் தாங்கியைப் பழைய உயரத்துக்கு ஏற்றி, கைகளைக் கொஞ்சம் மேல்நோக்கிச் சாய்த்து, தோள்களைக் காதுப் பக்கம் சுருக்கி, முகவாயைக் கைகளுக்குப் பின்னால் இறக்கட்டும். பலருக்குத் தடை குறைவது இந்த இரண்டாவது நிலையில்தான். இன்றைய முன்னணி வீரர்கள் பலர் கைகளை முகத்துக்கு நேரே உயர்த்தி ஓட்டுவதற்குக் காரணம் இதுவே. யுசிஐ எனப்படும் சர்வதேச சைக்கிள் கூட்டமைப்பும் 2023 முதல் வீரரின் உயரத்தை மூன்று பிரிவாக வகுத்து, கைப்பிடி எவ்வளவு நீளலாம், எவ்வளவு உயரலாம் என்று பிரிவுக்கேற்ப அனுமதிக்கிறது.

தாழ்வுக்கு இன்னொரு விலையும் உண்டு. மிகவும் குனிந்தால் பெடல் மேலே வரும்போதெல்லாம் தொடை வயிற்றை முட்டும், இடுப்பு மடியும், மூச்சு அடைபடும், வாட் குறையும். பெடலை அச்சோடு இணைக்கும் கிராங்கின் நீளத்தைக் குறைத்தால் இந்த நெருக்கடி தளரும். நீளமான கிராங்க்தான் பலம் தரும் என்பதும் பழைய நம்பிக்கையே. ஜிம் மார்ட்டினும் ஸ்பிர்டூசோவும் 2001-இல் வெளியிட்ட ஆய்வில், 145 மில்லிமீட்டருக்கும் 195 மில்லிமீட்டருக்கும் இடையில் அதிகபட்சத் திறனில் குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை. 172.5-ஐ விட்டு 165-க்கு வரத் தயங்குகிறவர்கள் இதைத் தெரிந்துகொள்வது நல்லது.

“சாம்பியன் உட்காருகிற மாதிரியே உட்கார்ந்தால் போதும்.”

ஸ்காட்லாந்துக்காரர் கிரேம் ஓப்ரி 1993 ஜூலையில் நார்வேயின் ஹாமரில் ஒரு மணி நேரத்தில் 51.596 கிலோமீட்டர் ஓட்டி, பிரான்செஸ்கோ மோசரின் ஒன்பது ஆண்டுச் சாதனையை முறியடித்தார். கைகளை மடக்கி நெஞ்சுக்கு அடியில் செருகி, உடம்பை முன்னால் சாய்த்து ஓட்டினார். அந்த சைக்கிள் அவரே செய்தது. வாஷிங் மெஷினிலிருந்து எடுத்த பேரிங்கும் அதில் இருந்தது. முழங்கால்கள் நெருங்கி வர வேண்டும் என்பதால் பெடல் அச்சைக் குறுக்கினார். நெருங்கி வந்த முழங்கால்கள் இடிக்கும் என்பதால் மேல் குழாயையே எடுத்துவிட்டார். முதலில் உடம்பு உட்காரும் விதம், அதற்கேற்ற சைக்கிள் பிறகு என்பதே அவர் வேலை செய்த ஒழுங்கு. அவரைப் பார்த்து இன்றைக்கும் கற்க வேண்டியது அந்த ஒழுங்கைத்தான். அவர் உட்கார்ந்த விதத்தை 1994-இலேயே யுசிஐ தடை செய்துவிட்டது.

2022-க்கு வருவோம். அந்த ஆகஸ்டில் சுவிட்சர்லாந்தின் கிரென்ஹென் வெலோட்ரோமில் டான் பிகம் ஒரு மணி நேரத்தில் 55.548 கிலோமீட்டர் ஓட்டினார். அப்போது இனியோஸ் அணியில் பொறியாளராக வேலை பார்த்தார். உலகின் பலசாலிக் கால்களில் ஒன்று என்று யாரும் அவரைச் சொன்னதில்லை. தன் உடம்பைச் சுற்றிக் காற்று எப்படி ஓடுகிறது என்பதை அளந்து அளந்து திருத்தியே அந்த எண்ணை எட்டினார். இரண்டே மாதத்தில் அதே தளத்தில், அவர் வேலை பார்த்த அதே அணியின் பிலிப்போ கன்னா 56.792 ஓட்டினார். கன்னாவின் தோள் வேறு, கை நீளம் வேறு, கால் பலம் வேறு. ஒருவருக்கு முழங்கைகளை நெருக்கினால் தடை குறையும். இன்னொருவருக்குச் சற்று அகட்டினால்தான் குறையும். நீண்ட வாலுள்ள ஹெல்மெட்டும் அப்படித்தான். தலையைக் குனிந்துகொண்டே ஓட்டுகிற பழக்கமுள்ளவருக்கு அந்த வால் வானத்தைப் பார்த்து நின்று புதிய தடையாகிவிடும்.

“லெமாண்டை ஜெயிக்க வைத்தது ஏரோ பார்.”

1989 ஜூலை 23. டூர் டி பிரான்சின் கடைசி நாள், வெர்சாயிலிருந்து பாரிஸுக்கு 24.5 கிலோமீட்டர் டைம் டிரயல். லோரன் பின்யோன் 50 விநாடி முன்னிலையில் இருந்தார். கிரெக் லெமாண்ட் ஏரோ பாரும் ஏரோ ஹெல்மெட்டுமாக வந்து அன்று 58 விநாடி வேகமாக ஓட்டி, மொத்தத்தில் 8 விநாடியில் பட்டத்தை வென்றார். பார் உதவியது, சந்தேகமில்லை. ஆனால் பின்யோன் ஹெல்மெட் இல்லாமல், குடுமி காற்றில் பறக்க ஓட்டினார் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அவர் உட்காரும் இடத்தில் புண் வந்திருந்தது, சீட்டில் அமர்வதே வேதனை என்பதையும் விட்டுவிடக் கூடாது. சீட்டில் அசையாமல் உட்கார முடியாதவருக்கு எந்தப் பாரை மாட்டினாலும் பயன் கொஞ்சம்தான். பொருத்தத்தைச் சீட்டிலிருந்துதான் தொடங்க வேண்டும், கைப்பிடியிலிருந்து அல்ல என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான்.

“மெதுவாக ஓட்டுகிறவர்களுக்கு இதெல்லாம் எதற்கு?”

கணக்கு நேர்மாறாக இருக்கிறது. 40 கிலோமீட்டர் தூரத்தை மணிக்கு 30 வேகத்தில் ஓட்டுபவர் தன் சிடிஏவைப் பத்து சதவீதம் குறைத்தால் சுமார் இரண்டு நிமிடம் இருபது விநாடி மிச்சமாகும். மணிக்கு 45-இல் பறப்பவருக்கு ஒரு நிமிடம் நாற்பது விநாடிதான். மெதுவாக ஓட்டுபவர் காற்றில் அதிக நேரம் இருக்கிறார், அவ்வளவே காரணம்.

சைக்கிளின் எடையைக் குறைக்கப் பணத்தைக் கொட்டுகிறவர்களுக்கும் ஒன்று. சமதரையில் ஒரே சீரான 40 வேகத்தில் ஒரு கிலோ குறைந்தால் மிச்சம் அரை வாட். சிடிஏ 0.01 குறைந்தாலே எட்டு வாட்.

சரியான நிலையைக் கண்டுபிடிக்கக் காற்றுச் சுரங்கம் கட்டாயமில்லை. பவர் மீட்டர், காற்று அசையாத விடியற்காலை, போக்குவரத்து இல்லாத ஒரு சமதரைச் சாலை போதும். ஒரே டயர் காற்றழுத்தம், ஒரே உடை, ஒரே வாட். முதல் நிலையில் போய்த் திரும்புங்கள், இரண்டாவதில் போய்த் திரும்புங்கள், மறுபடி முதல் நிலைக்கு வாருங்கள். முதல் தடவையும் மூன்றாம் தடவையும் எடுத்த நேரம் ஒத்துப்போகவில்லை என்றால் இடையில் காற்று மாறியிருக்கிறது. அன்றைய கணக்கைத் தூக்கிப் போட்டுவிடுங்கள். ஒரு தடவைக்கு ஒரு மாற்றம் மட்டும்.

ஐந்து நிமிடத்தில் ஜெயித்த நிலையை அப்படியே ஏற்றுக்கொள்ளவும் வேண்டாம். பந்தயம் எவ்வளவு நேரமோ அவ்வளவு நேரம் அதில் இருந்து பாருங்கள். 0.22 தரும் நிலையில் பாதித் தூரம் போய், கழுத்து தாங்காமல் மீதியை நிமிர்ந்து 0.32-இல் ஓட்டினால் சராசரி 0.27. கைத்தாங்கிக்கு அடியில் ஒரு சென்டிமீட்டர் தக்கை வைத்து, 0.25-இல் கடைசிவரை அசையாமல் இருப்பவர் இவரை முந்திக்கொண்டு போவார்.